'பார்ட்டிசிபிள் கிளாஸ்': வினையெச்சத் தொடர் போதுமா?

தொண்டியிலிருந்து:

ஐயா, வணக்கம். நம் ஆங்கில இலக்கணக் கலைச்சொல் பட்டியலில் 'பார்ட்டிசிபிள் கிளாஸ்' என்பதற்கு, அதாவது 'மெண்டிங்', 'டோர்ன்' போன்ற எச்ச வடிவம் தலைமை தாங்கும் வாக்கியக் கூறுக்கு, 'வினையெச்சத் தொடர்' என்று போட்டிருக்கிறீர்கள். பாதிதான் பொருந்துகிறது. 'த மென் மெண்டிங் நெட்ஸ்' என்றால் வலை தைக்கும் ஆட்கள். நமக்கு அது பெயரெச்சம். தவிர, 'வந்து போனான்' என்ற இரண்டு சொல்லையே பள்ளி இலக்கணம் வினையெச்சத் தொடர் என்கிறது. இரண்டும் மோதும். இரு வகைக்கும் பொதுவாக 'எச்சக்கூறு' என்று வைக்கலாம்.

'டாங்லிங் பார்ட்டிசிபிள்' என்பதற்கு 'தொங்கு எச்சம்' வேண்டவே வேண்டாம். எதில் தொங்குகிறதாம்? 'முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின' என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது: 'செய்து' போன்ற எச்சத்துக்கும் முற்றுக்கும் வினைமுதல் (செய்பவர்) ஒன்றே. அது தவறினால் 'முடிபு பிறழ்ந்த எச்சம்'.

'கிராஸிங் த பாம்பன் பிரிட்ஜ், த சீ லுக்ட் கிரீன்.' இங்கே பாலத்தைக் கடப்பது கடல்! மாணவர் மனத்தில் இருப்பது 'கடக்கும்போது கடல் பச்சையாகத் தெரிந்தது'. தமிழில் அது சரி, 'போது' எந்த வினைமுதலையும் ஏற்கும். ஆங்கில 'இங்' ஏற்காது. 'கடந்து கடல் தெரிந்தது' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னால் பிழை காதிலேயே உறுத்தும். திருத்த, 'வி சா எ கிரீன் சீ' என்று முற்றுக்கு ஆளைக் கொண்டுவரலாம். இல்லையேல் 'அஸ் வி கிராஸ்ட்' என்று எச்சத்தையே எடுத்துவிடலாம்.

கீழக்கரையிலிருந்து:

அம்மா, 'முடிபு பிறழ்ந்த எச்சம்' அருமை. 'எச்சக்கூறு' எனக்கும் சம்மதம். ஆனால் வினைமுதல் வேறுபட்டாலே பிழை என்று எழுதிவிடாதீர்கள். 'த விண்ட் ரைஸிங், வி ஹால்ட் இன் த நெட்' சரியான ஆங்கிலம். எச்சம் தன் வினைமுதலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறது. 'காற்று எழ, வலையை இழுத்தோம்' என்பது போலத்தான். இந்த வகையை ஆங்கிலத்தில் 'ஆப்ஸல்யூட்' என்பார்கள்; அதற்கு 'தனிவினைமுதல் எச்சம்' என்று ஒரு பதிவு சேருங்கள்.

வாக்கியம் இணைக்கும் பயிற்சியில் அதிகம் வழுக்குவது காலம். 'ஹி மெண்டட் ஹிஸ் நெட். ஹி வென்ட் ஹோம்' என்ற இரண்டையும் 'மெண்டிங் ஹிஸ் நெட், ஹி வென்ட் ஹோம்' என்று இணைத்தால் வலையைத் தைத்துக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறார் மனிதர். நம் 'தைத்து' முன்னே முடிந்ததையும் சொல்லும்; 'மெண்டிங்' பெரும்பாலும் உடன்நிகழ்வு. முடித்துவிட்டுப் போனார் என்றால் 'ஹேவிங் மெண்டட்'. வலையே கிழிபட்டிருந்தால் 'டோர்ன் ஆன் த ராக்ஸ், த நெட் வாஸ் யூஸ்லெஸ்'. 'டேரிங்' போட்டால் வலை எதையோ கிழிக்கும். ஆகவே விளக்கக் குறிப்பில் 'மெண்டிங்', 'ஹேவிங் மெண்டட்', 'டோர்ன்' வடிவங்களுக்கு நேராக '-கொண்டு', '-விட்டு', '-பட்டு' மூன்றையும் இந்த வரிசையிலேயே கொடுத்துவிடுங்கள்.