பல மாதம் நின்ற பிக்அப் டிரக்: டிரைவில் போட்டால் தாமதித்துக் கிளம்புகிறது

கேள்வி (ஓரங்கட்டியவன்):
நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பழைய பிக்அப். நிறுத்தியபோது ஒரு குறையும் இல்லை. பல மாதம் கழித்து எடுத்தால், எஞ்சின் உடனே பிடித்துக்கொள்கிறது. ஆனால் டிரைவில் போட்டால் சிறிது நேரம் அசைவே இல்லை. பிறகு உதைத்துக்கொண்டு கிளம்புகிறது. ரிவர்ஸில் இன்னும் மோசம். ஓட்டும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில் எஞ்சின் மட்டும் அலறுகிறது, வேகம் ஏறவில்லை. ஓட்டும் முன்பே கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளக்கும் குச்சி) எடுத்துப் பார்த்துவிட்டேன், ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. பட்டறையில் ஒருவர் வண்டியைத் தொடாமலே, 'கியர்பாக்ஸை இறக்க வேண்டும்' என்றார். ஓடாத வண்டியில் எது தேய்ந்திருக்கும்?

பதில் (கியர்பாக்ஸ்காரர்):
தொடாமல் சொல்லும் வைத்தியத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்த அளவு செல்லாது. வண்டி நெடுநாள் நின்றால் டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயில் மெல்ல வடிந்து, கியர்பாக்ஸுக்குக் கீழே ஆயில் தேங்கும் அடித்தட்டுக்கு வந்துவிடும். அதனால்தான் எஞ்சின் ஓடாதபோது குச்சியில் அதிகமாகத் தெரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பம்ப் அதை உறிஞ்சிக் கன்வெர்ட்டரை நிரப்பும். அதுவரை கிளட்ச் தட்டுகளை அழுத்தப் போதிய அழுத்தம் இருக்காது. அந்த இடைவெளியில் ஆக்சிலரேட்டரை மிதித்தீர்களானால், கிளட்ச் பிடிக்கும் நொடியில் மொத்த உதையும் தட்டுகள்மேல்தான் விழும். மிதிக்காதீர்கள்.

சமதரையில் நிறுத்தி, ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, பிரேக்கை அழுத்திக்கொண்டு லீவரை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி, மறுபடி பார்க்குக்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான் முறை. எஞ்சினை நிறுத்தி அளக்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். ஆயிலைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துக் கருகிய வாடை வந்தால் தட்டுகள் எரிந்திருக்கலாம். இளஞ்சிவப்புப் பால்போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். அப்படியானால் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள், தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் நீரில் ஊறி உரிந்துவிடும்.

பதில் (மின்கம்பி):
பேட்டரியையும் பாருங்கள். கணினி வழியே கியர் மாற்றும் வண்டியென்றால், நின்று வற்றிய பேட்டரியே பாதி வம்பு செய்யும். எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது ஏறக்குறைய 14 இருக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் சொலனாய்டுகள் (ஆயில் வழிகளை மின்சாரத்தால் திறந்து மூடுபவை) சரியாக வேலை செய்யாது, வண்டி ஒரே கியரில் பூட்டிக்கொள்ளவும் செய்யும். அடியில் எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. சில வண்டிகளில் பின்சக்கர ஹேண்ட் பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், அதையும் கியர்பாக்ஸ் குறை என்று நினைத்துவிடுவார்கள்.

ஓரங்கட்டியவன்:
ஐயா, நீங்கள் சொன்னபடி அளந்தேன். குச்சியின் கீழ்க்கோட்டைக்கூட ஆயில் தொடவில்லை! நிறம் சிவப்புதான், வாடை இல்லை. கூலர் குழாய் இணைப்பில் ஈரம் கசிந்திருக்கிறது. பேட்டரி சரியாக இருக்கிறது. இணைப்பை இறுக்கி, கையேட்டில் சொன்ன வகை ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவுக்குக் கொண்டுவந்தேன். காலையில் முதல்முறை மட்டும் தாமதம் மிச்சமிருக்கிறது, உதை இல்லை. இரண்டு-மூன்று அலறல் குறைந்திருக்கிறது, போகவில்லை.

கியர்பாக்ஸ்காரர்:
காலைத் தாமதத்தோடு வாழலாம். அலறல் வேறு கதை: நின்றதில் சீல்கள் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) இறுகியிருக்கலாம், ஆயிலை அந்தந்தக் கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் வால்வு ஒட்டியிருக்கலாம். அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரை மாற்றுங்கள், அடித்தட்டின் காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மாவுபோன்ற சாம்பல்தூள் இயல்பு. பளபளக்கும் துண்டுகள் இருந்தால்தான் இறக்குவதைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கத் தெரிந்த பட்டறையாகத் தேடுங்கள். 'சீல் மென்மையாக்கி' என்று விற்கும் டப்பாவை இப்போது ஊற்றாதீர்கள், எது குறை என்பதே தெரியாமல் போய்விடும்.