ஆடி மாசம் பீரோ மேல கிடந்த மூணு பேட்டரி

ஸ்டுடியோ அண்ணன், திண்டுக்கல்:

கல்யாண வீடியோதான் தொழில். ட்ரோன் வாங்கி நாலு வருஷம் ஆச்சு. மரத்துல இடிச்சதில்ல, கிணத்துல விழுந்ததில்ல. ஆனா போன ஆவணி முதல் முகூர்த்தத்துல மூணு பேட்டரியும் ஒரே காலையில போச்சு, மேல ஏறாமலே. அத எழுதுறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க.

ஆனி கடைசி முகூர்த்தம் முடிஞ்ச கையோட ஒரு புதுமனை புகுவிழா புக் ஆகியிருந்துச்சு. ராத்திரியே மூணு பேட்டரியையும் நாலு லைட்டும் எரியிற வரைக்கும் சார்ஜ் போட்டு வச்சேன். விடியக்காலம் போன் வருது, அந்த வீட்டுல பெரியப்பா தவறிட்டாராம். அடுத்து ஆடி. நம்ம தொழில்ல ஆடி எப்படின்னு சொல்ல வேண்டியதில்ல. பேட்டரிய பையோட பீரோ மேல தூக்கி வச்சேன். ஸ்டுடியோ மாடியில இருக்கு, கூரை தகர ஷீட். மத்தியானம் பீரோ மேல கை வச்சா சுடும்.

இதுல என் கெட்டிக்காரத்தனம் வேற. வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை பையத் திறந்து பட்டன அழுத்திப் பாப்பேன். ஒரு நாள் காலையில மூணு லைட்தான் எரிஞ்சுச்சு, தொட்டா லேசா வெதுவெதுன்னு இருந்துச்சு. சும்மா கிடக்கிறப்பவே இறங்குதே, பழசாயிடுச்சு போலன்னு மறுபடி சார்ஜர்ல மாட்டி நாலு லைட் ஆக்கினேன். ஆடி முடியிறதுக்குள்ள மூணு தடவை இதே வேலை.

முகூர்த்தத்தன்னைக்கு மண்டப வாசல்ல ட்ரோன எடுத்தா பேட்டரி உள்ள போகல. முக்கால்வாசி போய் நிக்குது, கிளிக்னு சத்தம் வரமாட்டேங்குது. திருப்பிப் பார்த்தா வயித்துப் பக்கம் உப்பியிருக்கு. இன்னொண்ணும் அப்படியே. மூணாவது, தொட்டாலே தெரிஞ்சுச்சு.

மறுநாள் சர்வீஸ் பையன்கிட்ட கொண்டு போனேன். ஒண்ண வாங்கி கண்ணாடி மேஜை மேல வச்சு விரலால சுண்டினான். பம்பரமா சுத்துச்சு. நல்ல பேட்டரிக்கு அடி தட்டையா இருக்கும், மேஜையோட ஒட்டி உட்காருமாம். அப்புறம் அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறல. அது பழசாகி இறங்கலயாம். இந்த மாதிரி பேட்டரிக்குள்ள ஒரு சர்க்யூட் இருக்கு, சில நாள் யாரும் தொடலன்னா தானே 60 சதவீதம் வரைக்கும் சார்ஜ வடிச்சு விட்டுடும். அந்த வெதுவெதுப்பு அதுனாலதான். "அது தன்னக் காப்பாத்திக்கப் பார்த்துருக்கு, நீங்க விடலண்ணே"ன்னான்.

எஃப்பிவி தம்பி, கோயம்புத்தூர்:

அண்ணா, உங்க பேட்டரிக்காவது மூளை இருக்கு. நாங்க எஃப்பிவி, அதாவது ட்ரோன் கேமராவுல தெரியுறதப் பாத்தே ஓட்டுற ரேஸ் ட்ரோன்ல போடுறது வெறும் லிப்போ, லித்தியம் பாலிமர் பேட்டரி. மெல்லிசா பை மாதிரி நாலு செல்லு, ரெண்டு ஒயர், ஒரு மஞ்சள் கனெக்டர், அவ்வளவுதான். தானா எதுவும் இறங்காது, எல்லாம் நாமதான் பண்ணணும்.

ஒரு செல்லு ஃபுல்லா இருந்தா 4.2 வோல்ட். சும்மா வைக்கிறப்ப 3.8லேருந்து 3.85க்குள்ள இருக்கணும். நாலு செல் பேட்டரின்னா மொத்தம் 15.2 முதல் 15.4. எல்லா செல்லையும் சமமா ஏத்துற பேலன்ஸ் சார்ஜர்ல ஸ்டோரேஜ்னு ஒரு மோட் இருக்கும், அதுல போட்டா கூட இருந்தா இறக்கும், குறைவா இருந்தா ஏத்தும். ஃபுல்லா வச்சா ஏன் உப்புதுன்னா, வோல்டேஜ் மேல இருக்க இருக்க உள்ள எலக்ட்ரோலைட் சிதைஞ்சு வாயு ஆகுது. சூடு சேர்ந்தா அது இன்னும் வேகமா நடக்கும். உங்க தகர ஷீட்டு அந்த வேலையப் பாத்துருச்சு.

நான் பண்ணது இதுக்கு நேர் எதிர். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு பேட்டரிய ட்ரோன்ல மாட்டுனபடியே விட்டுட்டேன். திரும்பி வந்து பார்த்தா ட்ரோனே உறிஞ்சி செல்லுக்கு 1 வோல்ட் கூட இல்ல. சார்ஜர் ஏத்துக்கல, எரர் காட்டுச்சு. யாரோ வீடியோவுல சொன்னாங்கன்னு வேற வகை பேட்டரிக்கான மோட்ல போட்டு ஏமாத்தி ஏத்தினேன். செல் அவ்வளவு கீழ போனா உள்ள இருக்கிற செப்புத் தகடு கரைஞ்சு, மறுபடி ஏத்துறப்ப கண்ட இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகும்னு அப்புறமாத்தான் படிச்சேன். பத்து நிமிஷத்துல நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிச்ச வாடை. ஒயரப் பிடுங்கி மொட்டை மாடிக்கு ஓடி, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல்ல வீசினேன். புஸ்ஸுன்னு வெள்ளைப் புகை, அப்புறம் தீ. கையில இருக்கிறப்ப பத்தியிருந்தா இப்ப இத டைப் பண்ண விரல் இருந்திருக்காது. அந்தப் புகைய மட்டும் மோந்துடாதீங்க, அதுல ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும்.

வயல் ட்ரோன் அக்கா, மன்னார்குடி பக்கம்:

தம்பி சொல்றத படிச்சா எனக்கு வயித்தக் கலக்குது. எங்க பேட்டரி ஒவ்வொண்ணும் செங்கல்லு கனம். மகளிர் குழுவுல பயிற்சி எடுத்து மருந்து தெளிக்கிற ட்ரோன் ஓட்டுறேன். 10 லிட்டர் டேங்கு, ஒரு ஏக்கருக்கு ஏழெட்டு நிமிஷம், அதுக்குள்ள ஒரு செட் பேட்டரி காலி. நாலு செட் வச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி ஜெனரேட்டர்ல ஏத்துவோம்.

எங்களுக்கு ஆடி மாதிரி இருக்கிறது மழை. சம்பாவுல குருத்துப்பூச்சிக்கு ஒரே நேரத்துல பத்துப் பேரு கூப்பிடுவாங்க. மறுநாள் பன்னண்டு ஏக்கர்னு நாலு செட்டையும் ராத்திரியே ஏத்தி வச்சேன். விடிஞ்சா அடைமழை, நாலு நாள் விடல. மொத ரெண்டு நாள், நாளைக்கு வெறிக்கும், நாளைக்கு வெறிக்கும்னே போச்சு. மூணாம் நாளு பயிற்சியில சொன்னது ஞாபகம் வந்து, எப்படி இறக்குறதுன்னு யோசிச்சேன். எங்க சார்ஜருக்கு இறக்கத் தெரியாது, ஏத்த மட்டும்தான் தெரியும். மழை கொஞ்சம் விட்ட நேரம் பாத்து டேங்குல வெறும் தண்ணிய ஊத்தி, எங்க வயல் மேலயே ஒரு செட்டுக்கு மூணு நிமிஷம் பறக்கவிட்டு இறக்கினேன். பக்கத்து வயக்காரரு வரப்புல குடையோட நின்னு பாத்துட்டு, "ஏம்மா, மழை பத்தலயா, நீ வேற தண்ணி தெளிக்கிற?"ன்னாரு. குழுவுல இன்னைக்கும் அதச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க.

இப்ப ராத்திரி ஏத்துறதே கிடையாது. காலையில ஆளு வந்து வரப்புல நின்னாத்தான் சார்ஜர் ஆன் ஆகும். அரை மணி நேரம் தாமசமாகும், ஆகட்டும். பேட்டரிய மருந்து டப்பா இருக்கிற ரூம்ல வைக்கிறதில்ல, வைக்கோல் பக்கமும் கிடையாது. சிமெண்டுத் தரையில தனியா, ஒண்ணுக்கொண்ணு ஒரு முழம் தள்ளி.

புதுசா வாங்கினவன், திருநெல்வேலி:

ஒரு சந்தேகம். சூடுதான் எதிரின்னா ஃபிரிட்ஜ்ல வச்சுடலாமா?

எஃப்பிவி தம்பி, கோயம்புத்தூர்:

வேணாம் ப்ரோ. வெளிய எடுக்கிறப்ப நம்ம ஊரு காத்துக்கு மேலெல்லாம் தண்ணி வேர்த்து, கனெக்டருக்குள்ள போயிடும். வீட்டுல வெயில் படாத கீழ் அறை போதும். 22லேருந்து 28 டிகிரிக்குள்ள வைக்கச் சொல்லித்தான் பல மேனுவல்லயும் இருக்கு. கார்ல மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க. கத்திரி வெயில்ல கண்ணாடி மூடுன காரு அடுப்பு. அதோட மாசக்கணக்கா மறந்துடவும் கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது பறக்கவிட்டு, ஏத்தி இறக்கி வைங்க.

சிங்கப்பூர் போயிட்டு வந்தவர், சென்னை:

விமானத்துல கொண்டு போறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில போடக் கூடாது, கையில கொண்டு போற பையிலதான் வரணும். 100 வாட் அவர் வரைக்கும் பேட்டரிக்கு அனுமதி கேக்க வேண்டியதில்ல. 100லேருந்து 160 வரைன்னா விமான நிறுவனத்துகிட்ட முன்கூட்டியே கேக்கணும், அதுவும் ரெண்டுதான். கணக்கு லேசு. வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்குங்க. 15.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர் அவர், அதாவது 5 ஆம்பியர் அவர்னா 77 வாட் அவர். கனெக்டர் மேல டேப் ஒட்டி, ஒவ்வொண்ணையும் தனிக் கவர்ல போட்டேன். முன்னாடி நானும் ஃபுல்லா ஏத்தித்தான் கொண்டு போவேன். கார்கோவுல தனியா அனுப்புற லித்தியம் அயான் பேட்டரி 30 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016லேயே விதி வந்துடுச்சுன்னு படிச்சப்புறம் அந்தப் பழக்கத்த விட்டேன். போய் இறங்கி ஓட்டல்ல ஏத்திக்கிறது.

ஸ்டுடியோ அண்ணன், திண்டுக்கல்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, அந்தக் குடைக்காரர நினைச்சு நானும் சிரிச்சேன்.

உப்புன மூணும் என்னாச்சுன்னு ஒருத்தர் தனியா கேட்டிருந்தாரு. குப்பை வண்டியில போடத்தான் இருந்தேன், சர்வீஸ் பையன் தடுத்துட்டான். லாரியில அழுந்தி, ஏதாவது குத்தினா அங்கயே பத்திக்குமாம். ஊசியால குத்தி காத்த விடலாம்னு ஒரு வீடியோ சுத்துது, அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். எங்கம்மா பழைய பொங்கல் பானை ஒண்ண மணலப் போட்டு மொட்டை மாடி நிழல்ல வச்சுக் கொடுத்தாங்க. மூணும் அதுல இருந்துச்சு, அப்புறம் மின்கழிவு வாங்குறவங்ககிட்ட சேர்த்தேன். 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி பழைய பேட்டரிய திரும்ப எடுக்கிற பொறுப்பு தயாரிக்கிறவங்களுதுதான். ஆனா நம்ம பக்கம் எந்தக் கடையில கேட்டாலும் நம்மளத்தான் ஒரு மாதிரி பாக்குறாங்க.

புது பேட்டரி மூணுக்கும் மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசியா ஏத்துன தேதி எழுதியிருக்கேன். தினக் காலண்டர்ல முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரிய மட்டும் சிவப்புல வட்டம் போட்டாச்சு, அன்னைக்குத்தான் நாலு லைட். மத்த நாள் ரெண்டோ மூணோ. மார்கழிக்கு பீரோ மேல ஏறாது, கீழ மர அலமாரியில ஒரு தட்டு ஒதுக்கிட்டேன்.

புதுசா வாங்கினவன், திருநெல்வேலி:

அண்ணே, அன்னைக்கு மண்டபத்துல மேலேருந்து எடுக்கிற ஷாட்டுக்கு என்ன பண்ணீங்க?

ஸ்டுடியோ அண்ணன், திண்டுக்கல்:

எதிர்த்த லாட்ஜ் மொட்டை மாடியில ஏறி, தண்ணித் தொட்டி மேல நின்னு எடுத்தேன் தம்பி. ஊர்வலம் நல்லாத்தான் வந்துருக்கு. ட்ரோனுக்குன்னு பேசுன காசு மட்டும் இன்னும் வரல.