முதல் ஈடு கற்கள்: உருளையைத் திறந்தபோது நீங்கள் கண்டது என்ன?

வெங்கச்சாங்கல் (காங்கேயம்) எழுதியது:

கற்களைத் தேய்ப்புப் பொடியோடும் நீரோடும் சுழற்றி மெருகேற்றும் என் ‘டம்ளர்’ உருளை ஐந்து வாரங்கள் இரவும் பகலும் ஓடியது; அதை நேற்று மாலை கடைசி முறையாகத் திறந்தேன். எங்கள் தோட்டத்தில் உழவு ஓட்டும்போதெல்லாம் மேலே வரும் வெங்கச்சாங்கற்கள்தாம் (குவார்ட்ஸ்) உள்ளே இருந்தவை. 60/90 பொடியில் (எண் கூடக் கூடப் பொடி நுண்ணியது) இரண்டு வாரம், பிறகு 120/220, 500, அலுமினியம் ஆக்சைடு ஆகியவற்றில் ஒவ்வொரு வாரம் என்று எல்லோரும் சொல்லும் கணக்கையே நானும் பின்பற்றினேன். கழுவித் துண்டில் பரப்பியபோது ஒவ்வொரு கல்லும் கற்கண்டைப்போல் மின்னியது. அம்மாவை அழைத்துக் காட்டினேன். (‘டம்ளர்’ வாங்கியிருக்கிறேன் என்று நான் முதல் நாள் சொன்னபோது, வீட்டில் இருக்கும் டம்ளர்கள் போதாதா என்று கேட்டவர் அவர்.) நாங்கள் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் ஈரம் உலர்ந்தது, உலர உலர ஒவ்வொரு கல்லின்மீதும் சாக்பீஸ் தூள் படிந்ததைப்போல் மங்கல் ஏறியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இரவு பூதக்கண்ணாடியில் பார்த்தால், நாலா பக்கமும் மெல்லிய கீறல்கள். காரணம் விளங்காமல் உருளையின் மூடியை எடுத்து, அதன் உட்புறப் பள்ளத்தில் ஓர் ஊக்கின் முனையை ஓட்டினேன். விரல் நுனியில் வந்து உட்கார்ந்தவை ரவையில் பாதி அளவுள்ள நான்கைந்து கறுப்புத் துகள்கள். முதல் கட்டப் பொடியான சிலிக்கான் கார்பைடு மூன்று கழுவல்களையும் தப்பி அங்கே ஒளிந்திருந்து, கடைசி வாரத்தில்தான் இறங்கி வந்திருக்கிறது. உருளையின் உட்புறத்தை நான் ஒவ்வொரு கட்டத்திலும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியவன். மூடிக்கு ஒரு பள்ளம் இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

ஏரிக்கரை அம்மா (மிச்சிகன்) எழுதியது:

கல் மங்கியதற்கு வருந்துகிறீர்கள். எங்கள் வீட்டில் கல்லே கரைந்துபோயிற்று.

பெட்டாஸ்கி கல் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1965 முதல் மிச்சிகனின் மாநிலக் கல்லாக இருப்பது அதுதான். உண்மையில் அது கல்லாகிப்போன பவளப்பூச்சிக் கூட்டம், வயது 35 கோடி ஆண்டுகளுக்கும் மேல். உலர்ந்திருக்கும்போது சாதாரணச் சாம்பல் கூழாங்கல்லாகத் தோன்றும். தண்ணீரில் நனைத்தால் தேன்கூட்டைப்போல் அறுகோணங்கள் எழுந்து வரும். ஆறு வயது மகள் அலையோரத்தில் தானாகவே கண்டெடுத்த அந்தக் கல்லை, சுப்பீரியர் ஏரிக்கரையில் பொறுக்கி வைத்திருந்த அகேட் கற்களோடு சேர்த்து 60/90 பொடியில் போட்டுவிட்டேன். 1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவுகோலில் அகேட்டின் (குவார்ட்ஸ் இனத்து வரிக்கல்) கடினத்தன்மை ஏறக்குறைய 7 என்பதும், பெட்டாஸ்கி வெறும் சுண்ணாம்புப் பொருள் என்பதால் 3-க்கு மேல் போகாது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

ஏழாம் நாள் திறந்தபோது உள்ளே மோர் போன்ற வெளிறிய குழம்பு இருந்தது. சல்லடையில் ஊற்றி ஒவ்வொன்றாக எண்ணினேன்; அகேட் அனைத்தும் இருந்தன. மகள் பக்கத்தில் நின்று, “என் கல் எங்கே அம்மா?” என்று மூன்று முறை கேட்டாள். புளியங்கொட்டை அளவில் ஒரு வழவழப்பான துண்டு அடியில் கிடந்தது. நனைத்துப் பார்த்தேன், ஒன்றரை அறுகோணம் மீந்திருந்தது. அந்தத் துண்டை அவள் இன்னும் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

இப்போது பெட்டாஸ்கியை நாங்கள் உருளைக்கே அனுப்புவதில்லை. 220, 400, 600 என்று உப்புத்தாளை நனைத்துக் கையாலேயே தேய்த்து, இறுதியில் வெல்வெட் துணியில் மெருகேற்றுகிறோம். ஒரே கடினத்தன்மையுள்ள கற்களை மட்டுமே ஒன்றாகப் போடுங்கள், விதி அவ்வளவுதான்.

மோட்டார்காரர் (கோயம்புத்தூர்) எழுதியது:

நான் கடையில் வாங்கியவன் அல்லன். பழைய வெட் கிரைண்டரின் மோட்டாரையும் ஆறு அங்குலப் பி.வி.சி. குழாயையும் கொண்டு நானே ஓர் உருளை செய்தேன். முதல் இரவு அது ஓடியபோது சத்தமே வரவில்லை. எவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறேன் என்று மகிழ்ந்து தூங்கப்போனேன். மூன்றாம் நாள் திறந்தால் கற்கள் போட்டபடியே இருந்தன, ஒரு முனைகூட மழுங்கவில்லை. நிமிடத்துக்கு 150 சுற்றுக்கு மேல் ஓடியதால் கற்கள் உருண்டு விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றியிருக்கின்றன. புல்லியை மாற்றி 50-க்குக் கொண்டுவந்த பிறகுதான், அரிசி களைவதைப்போன்ற அந்தச் சரசரப்பு வந்தது.

இனி, புதிதாகத் தொடங்குவோருக்குச் சில செய்திகள். காங்கேயத்து நண்பர் முதல் கட்டத்தை இரண்டு வாரத்தில் முடித்ததே தவறு என்பேன். நாள்காட்டியைப் பார்த்து அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது, கல்லைப் பார்த்துத்தான் போக வேண்டும். என் ஆற்றுக் கற்களுக்கு முதல் கட்டம் மட்டுமே ஐந்து வாரம் பிடித்தது, வாரத்துக்கு ஒரு முறை பொடியை மாற்றினேன். உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், நான்கில் மூன்று பங்குக்கு மிகாமல் கல் இருக்க வேண்டும். குறைந்தால் கற்கள் உயரத்திலிருந்து விழுந்து உடையும், மிகுந்தால் உருள இடமிருக்காது. தண்ணீர் மேல் வரிசைக் கற்களின் அடியைத் தொட்டால் போதும். பெரிய கற்களுக்கு இடையே சிறியவை இருந்தால்தான் தேய்ப்பு எல்லாப் பக்கமும் சேரும். சிறிய கல் இல்லாதவர்கள் உருளை வடிவச் சிறு பீங்கான் துண்டுகளைச் சேர்க்கலாம். சில கற்களிலிருந்து வாயு உண்டாகி மூடி உப்பிவிடும், ஆகவே தொடக்கத்தில் நாள்தோறும் ஒரு முறை திறந்து மூடுங்கள். கடைசியில் போடும் வெள்ளைப் பொடியான அலுமினியம் ஆக்சைடு வேறொன்றும் அன்று, நம் ஊர்க் குருந்தக்கல்லின் அதே சேர்மம்தான்; ஆங்கிலத்தில் அதற்குள்ள பெயரே நம் சொல்லிலிருந்து போனது. அந்தப் பொடியை மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் கட்டத்தைச் சுருக்க விரும்பினால், கல்லின் கூர்முனைகளை முதலில் கிரைண்டிங் சக்கரத்தில் காட்டி மழுக்கிவிட்டுப் பிறகு போடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், இரண்டு வாரம் மிச்சமாகிறது.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

மோட்டார்காரர் ஐயா, மற்றவை எல்லாம் சரி, சக்கரத்தில் மழுக்கச் சொன்ன அந்தக் கடைசி யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

வேலை நிமித்தம் நான் சில ஆண்டுகள் குஜராத்தில் இருந்தேன். அங்கே காம்பாத்தில் அகேட் மணி செய்பவர்களின் தெருவுக்கு ஒரு முறை போனேன். முற்றத்துத் தரையில் சாய்வாக நட்ட இரும்பு முளையின் நுனியில் கல்லைப் பொருத்தி, எருமைக் கொம்பைத் தலையாகக் கொண்ட சுத்தியால் ஒரு பெரியவர் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சில்லு, அளந்து வைத்ததைப்போல் தெறித்தது. இப்போது மணிகளை மோட்டார் உருளையில் போடுகிறார்கள் என்றும், முன்பு தோற்பையில் மணிகளையும் அகேட் தூளையும் நீரையும் கட்டி, இருவர் எதிரெதிரே அமர்ந்து நாள்கணக்கில் உருட்டுவார்கள் என்றும் அவர் சொன்னார். நம்முடைய பொழுதுபோக்கின் பாட்டன் அந்தத் தோற்பைதான். காங்கேயத்துக்கு அருகிலேயே நொய்யல் கரைக் கொடுமணலில் சூதுபவள (அகேட்டின் இனத்துச் செந்நிறக் கல்) மணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கான மூலக்கல் குஜராத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

எனக்கு மறக்காதது சுத்தியல் அன்று. பேசிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். எதிர்த் திண்ணையில் அவருடைய மகன் உலர்ந்த கல்லைச் சக்கரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய புருவமும் மீசையும் மாவு அரைப்பவருடையதைப்போல் வெளுத்திருந்தன. அந்தத் தூசி சிலிக்கா. அது நுரையீரலில் தங்கினால் வரும் சிலிக்கோசிஸ் காம்பாத்துத் தொழிலாளர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் நோய். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. உருளைக்குள் நடப்பது முழுவதும் ஈரத்தில் நடப்பதால்தான் நம்மால் வீட்டுக்குள் வைத்து ஓட்ட முடிகிறது. இரண்டு வார மிச்சத்துக்காக அந்தப் பாதுகாப்பை விட்டுவிடலாமா? சக்கரத்தில் பிடித்தே தீர வேண்டுமென்றால் தண்ணீர் சொட்டச் சொட்டப் பிடியுங்கள், தக்க முகமூடியும் அணியுங்கள். உருளையிலிருந்து சிந்திய குழம்பைக்கூட உலரவிட்டுத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

நான்காம் மாடி (சென்னை) எழுதியது:

குழம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் கட்டக் கழிவை நான் சமையலறைத் தொட்டியிலேயே ஊற்றிவந்தேன், மூன்று வாரம். நான்காவது வாரம் மூன்றாம் மாடி வீட்டின் கூரையில் தண்ணீர் கசிந்தது. பிளம்பர் யூ வளைவுக் குழாயைக் கழற்றித் தரையில் தட்டினார். குழாயின் வளைவை அப்படியே அச்சு வார்த்ததைப்போல் ஒரு சாம்பல் கட்டி வெளியே விழுந்தது. “வீட்டில் சிமென்ட் வேலை ஏதும் நடக்கிறதா சார்?” என்று கேட்டார். கீழ்வீட்டு மாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் நான் ஆம் என்று தலையாட்டிவிட்டேன். அந்தப் பொய்க்காக இன்றும் கூசுகிறேன். இப்போது வாளியில் ஊற்றி, தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கும் சேற்றைக் குப்பையில் சேர்க்கிறேன்.

சந்திரகாந்தம் எழுதியது:

ஏரிக்கரை அம்மா சொன்ன விதி அரை விதிதான் என்பதற்கு நானே சான்று. கரூர்ப் பக்கத்தில் வாங்கிய சந்திரகாந்தக் கற்களை வெங்கச்சாங்கற்களோடு போட்டேன். முன்னதன் கடினத்தன்மை 6-க்குக் குறையாது, பின்னது 7. பெரிய வேறுபாடு இல்லை என்று எண்ணினேன். பத்தாம் நாள் திறந்தபோது சந்திரகாந்தம் தேயவில்லை, பிளந்திருந்தது. ஒரு கல்லை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். கையிலேயே இரண்டு ஏடுகளாகப் பிரிந்தது. பிரிந்த முகத்தில் அந்த நீலப் பளபளப்பு, எந்தப் பொடியும் தந்திருக்க முடியாத பளபளப்பு, ஒரு கணம் ஓடி மறைந்தது. சந்திரகாந்தம் போன்ற ஃபெல்ட்ஸ்பார் இனத்துக் கற்களுக்குப் பிளவுத் தளங்கள், அதாவது எளிதில் ஏடாகப் பிரியும் தளங்கள், இருக்கின்றன. குவார்ட்ஸுக்கு அவை இல்லை என்றே சொல்லலாம். எவ்வளவு கடினம் என்று கேட்பதோடு, எப்படி உடையும் என்றும் கேட்க வேண்டும், அம்மா.

ஏரிக்கரை அம்மா எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு வயதுக் குழந்தையிடம் பிளவுத் தளத்தைப் பற்றி நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

வெங்கச்சாங்கல் எழுதியது:

மோட்டார்காரர் ஐயா, இரண்டு வாரம் போதாது என்று நீங்கள் சொன்னது முதலில் எனக்குச் சுருக்கென்றது. இன்று காலை எல்லாக் கற்களையும் மீண்டும் வெயிலில் பார்த்தேன். முப்பத்தெட்டில் பதினொன்றின் மேல் ஊசிமுனைக் குழிகள் இருந்தன. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது மூன்று குழிகளிலிருந்து அதே கறுப்புத் துகள் வெளிவந்தது. ஆக, எல்லாப் பழியையும் மூடியின்மீது போட்டது என் பிழை. அந்தப் பதினொன்றையும் அடுத்த ஈட்டில் 60/90-க்கு எடுத்து வைத்துவிட்டேன். மற்றவை 120/220-இல் மறுபடியும் ஓடுகின்றன.

மூடியை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்பவர்கள் இங்கே யாராவது இருந்தால், மூடியை மட்டும் தனியாக எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.