சவுக்குக் கம்பங்களுக்கு எந்த மருந்து பூசலாம்?

அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டிக்கு அருகே உள்ள எங்கள் தோட்டத்தின் சவுக்குக் கம்ப வேலியும் ஆட்டுக் கொட்டகையின் கால்களும் இரண்டாவது மழைக்காலத்திலேயே உளுத்துவிட்டன. ஆழத்தில் புதைந்திருந்த பகுதி ஓரளவு உறுதியாகவே இருக்க, ஈரமும் காற்றும் சேரும் மண்ணோரத்தில்தான் கரையானும் பூஞ்சையும் அரித்திருக்கின்றன. இப்போது புதிய கம்பங்கள் 50 வாங்கி, பட்டை உரித்து நிழலில் காயவைத்திருக்கிறேன்.

ஊரில் பலரும் பழைய என்ஜின் ஆயிலைப் பூசச் சொல்கிறார்கள்; அது மண்ணைக் கெடுக்கும் என்பதால் எனக்கு மனமில்லை. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் பாதுகாப்பானதுதான் என்றாலும், மழையில் கரைந்துவிடுவதால் கூரைக்குக் கீழுள்ள சட்டங்களுக்கு மட்டுமே பொருந்தும். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த மருந்து மழையைத் தாங்கும். ஆனால் கண்ட கட்டையையெல்லாம் கடிக்கும் ஆடுகள் இருக்கும் இடத்தில் ஆர்சனிக்கை வைக்க எனக்குத் துணிவில்லை. முன்பு ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கு ஏற்றிய கிரியோசோட் என்னும் நிலக்கரித் தார் எண்ணெயையும் இதே பயத்தால் விட்டுவிட்டேன்.

எஞ்சியிருப்பது படகுகளுக்குப் பூசும், முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய். எங்கள் பக்கம் எளிதில் கிடைக்கும், தோலில் பட்டால் புண்ணாகும் என்பதும் தெரியும். மண்ணில் புதையும் கம்பங்களுக்கு இதைப் பயன்படுத்தியவர்கள், தூரிகையால் பூசினீர்களா, அடிப்பகுதியை ஊறவைத்தீர்களா, எத்தனை ஆண்டுகள் தாங்கியது, பூசிய எத்தனை நாளில் ஆடுகளை உள்ளே விட்டீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.