வாக்கர், டக்கர், ஃபுல்லர்: ஒரே தொழிலுக்கு மூன்று குடும்பப் பெயர்

வட இங்கிலாந்தின் லீட்ஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எங்கள் பிரிவில் வாக்கர் என்ற குடும்பப் பெயரோடு மூன்று பேர் இருந்தார்கள், உறவுக்காரர்கள் இல்லை. மூத்தவரிடம் ஒருநாள் டீ குடிக்கும்போது, "உங்கள் முன்னோர் ஊர் ஊராக நடந்து பிழைத்தவர்களா?" என்று கேட்டேன். "நடந்தார்கள். ஆனால் ஒரு தொட்டிக்குள்ளேயே" என்றார்.

அப்புறம் தன் கம்பளிக் கோட்டின் கையை நீட்டி, "இழை தெரிகிறதா பார்" என்றார். தெரியவில்லை. தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்குமாம், ஆட்டுக் கொழுப்பின் பிசுக்கும் போகாதாம். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் நாள்பட்ட மூத்திரமும் ஊற்றி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். மூத்திரத்தின் அம்மோனியா பிசுக்கை எடுத்துவிடும். மிதிபட மிதிபட கம்பளி சுருங்கி, இழைகள் பின்னிக்கொண்டு துணி இறுகும். அந்த வேலை செய்தவர்தான் வாக்கர். பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு உருட்டுவது, புரட்டுவது என்று பொருள்; நடப்பது என்ற அர்த்தம் பிறகு வந்தது.

12-ஆம் நூற்றாண்டிலேயே தண்ணீரில் ஓடும் மரச்சுத்தியல்கள் இந்த வேலைக்கு வந்துவிட்டன. பெயர் மட்டும் காலோடு நின்றுவிட்டது. யார்க்‌ஷயர் குளிரில் அந்த ஈரத்துக்குள் நின்ற கால்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

●

அண்ணா, நான் தென்மேற்கு இங்கிலாந்தில், எக்ஸிட்டரில் படித்தேன். டெவன், கார்ன்வால், சாமர்செட் பக்கம் இதே வேலைக்காரருக்கு டக்கர் என்று பெயர். எங்கள் வீட்டுக்கார அம்மாவும் டக்கர்தான். அவர்தான் என்னை ஃபோர் ஸ்ட்ரீட்டில் இருக்கும் டக்கர்ஸ் ஹாலுக்குக் கூட்டிப்போனார். நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் சேர்ந்திருந்த சங்கம் 1471-இல் கட்டியது. வண்டிக் கூடு மாதிரி வளைந்த ஓக் மரக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி, "எங்கள் பெயரின் வேருக்கு வதைப்பது என்று அர்த்தம். துணியை அவ்வளவு பாடுபடுத்தியிருக்கிறார்கள்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

●

தம்பி, இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருக்கும் எங்களுக்கு அந்தத் துணி மிதிப்பவர் ஃபுல்லர். லத்தீனில் ஃபுல்லோ, அதிலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்தது. நாங்கள் இருக்கும் சர்ரேயில், ரெட்ஹில், நட்ஃபீல்டு பக்கம் பல காலம் ஒரு களிமண் வெட்டி எடுத்தார்கள். கம்பளிப் பிசுக்கை உறிஞ்ச ஃபுல்லர் பயன்படுத்திய மண் என்பதால் அதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய முல்தானி மெட்டி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் அதே ஃபுல்லர்ஸ் எர்த். பன்னீரில் குழைத்து மகள் முகத்தில் பூசினேன். காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடித்தது, கழுவியபோது எண்ணெய்ப் பசையே இல்லை. கம்பளிக்கும் இதைத்தான் செய்திருக்கிறது.