எல்விஎம்மிலிருந்து டிஸ்க்கை வெளியே எடுத்த அனுபவங்கள் (ஐந்து பேர் எழுதியது; ஒவ்வொரு பகுதியின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

ஷிஃப்ட் அட்மின்

எல்விஎம் என்பது லினக்ஸில் பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்து இடத்தைப் பங்கிடும் வசதி. சேர்த்த டிஸ்க் அல்லது பார்ட்டிஷன் பிவி, தொகுப்பு விஜி (வால்யூம் குரூப்), அதிலிருந்து பிரித்து எடுக்கும் பகுதி எல்வி, இடத்தை ஒதுக்கும் சின்ன அலகு எக்ஸ்டெண்ட். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் வால்யூம் குரூப்பிலிருந்து ஒரு டிஸ்க்கைக் கழற்றும் வேலை எல்லோருக்கும் ஒரு நாள் வரும். கமாண்ட் மூன்றுதான்: பிவிமூவ் (டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தும்), விஜிரெட்யூஸ் (டிஸ்க்கை விஜியிலிருந்து விலக்கும்), பிவிரிமூவ் (பிவி என்ற அடையாளத்தை அழிக்கும்). டேட்டா போன கேஸ்களை எடுத்துப் பார்த்தால், கமாண்ட் தெரியாததால் போனது குறைவு. அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கை வைத்ததால் போனதுதான் அதிகம்.

முதலில் பார்க்க வேண்டியது "எல்விஎஸ் -ஏ -ஓ +டிவைசஸ்". எந்த எல்வி எந்த பிவியில் எந்த எக்ஸ்டெண்டில் தொடங்குகிறது என்று வரி வரியாகத் தெரியும். இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றால் "பிவிடிஸ்ப்ளே -எம்".

அடுத்தது இடக் கணக்கு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 500 ஜிபி டிஸ்க்கை முழுதாக பிவி ஆக்கினால், வழக்கமான 4 எம்ஐபி அளவில் 119234 எக்ஸ்டெண்ட் கிடைக்கும். அதில் 90000 நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள். விஜிஎஸ் (விஜியின் மொத்த விவரம் தரும் கமாண்ட்) காட்டும் காலி இடத்தில், எடுக்கப்போகிற டிஸ்க்கில் மிச்சமுள்ள 29234 எக்ஸ்டெண்டும் சேர்ந்தே வரும். அது கிட்டத்தட்ட 114 ஜிஐபி, ஆனால் நமக்கு உதவாத இடம். ஆகவே விஜிஎஸ்ஸை நம்பாமல், பிவிஎஸ்ஸில் (ஒவ்வொரு பிவியையும் தனியாகக் காட்டும் கமாண்ட்) மற்ற டிஸ்க்குகளின் காலி இடத்தை மட்டும் தனியாகக் கூட்டுங்கள்.

இடம் போதும் என்றால் "பிவிசேஞ்ச் -எக்ஸ் என் /டெவ்/எஸ்டிபி1" கொடுங்கள். இனிமேல் அந்த டிஸ்க்கில் புதிதாக எதுவும் ஒதுக்கப்படாது. வேறொருவர் நடுவில் ஒரு எல்வியைப் பெரிதாக்கினாலும் அது இங்கே வந்து விழாது. அதன் பிறகு "பிவிமூவ் -ஐ 10 /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிடி1". இரண்டாவது பெயரைக் கொடுக்காவிட்டால் காலியாக உள்ள பிவிகளில் எல்விஎம் தானே பரப்பிவிடும். அதைவிட எங்கே போக வேண்டும் என்று நாமே சொல்லிவிடுவது நல்லது. ஃபைல்சிஸ்டம் மவுண்ட் ஆனபடியே இருக்கலாம்.

முடிந்ததும் "பிவிஎஸ் -ஓ +பிவி_யூஸ்டு" அடித்து "யூஸ்டு" 0 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய எல்விஎம் பதிப்புகளில் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் நகல்) சம்பந்தப்பட்ட எல்விகளைப் பிவிமூவ் தாண்டிப் போய்விடும். ஒரு வரி எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். 0 ஆன பிறகு விஜிரெட்யூஸ், அதன் பிறகே பிவிரிமூவ்.

நைட் ஜாப்

பிவிமூவ் ஓடும்போது என்ன நடக்கும் என்று சேர்த்துச் சொல்கிறேன். உள்ளே பிவிமூவ்0 என்று ஒரு தற்காலிக மிரர் (இரண்டு பக்கமும் ஒரே டேட்டா) உருவாகும். ஒரு பகுதி இரண்டு பக்கமும் ஒத்துவந்த பிறகுதான் மெட்டாடேட்டா (எது எங்கே இருக்கிறது என்ற பதிவு) புதிய இடத்தைக் காட்டும். அதனால் நடுவில் கரண்ட் போனாலும் டேட்டா போகாது. பூட் ஆனதும் பெயர் எதுவும் கொடுக்காமல் "பிவிமூவ்" என்று மட்டும் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுத்த வேண்டும் என்றால் "--அபார்ட்". அதுவரை முடிந்த பகுதிகள் புதிய டிஸ்க்கிலேயே நிற்கும். எல்லாம் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்றால் தொடங்கும்போதே "--அடாமிக்" சேர்த்திருக்க வேண்டும்.

நேரக் கணக்கு: நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் 1 டிபி நகர சுமார் 2 மணி 47 நிமிடம் ஆகும். 4 டிபி என்றால் சுமார் 11 மணி நேரம். சர்வரில் லோடு இருந்தால் இது இரட்டிப்பாவது சாதாரணம். நகரும் எல்வி பூட்டப்பட்டிருக்கும், ரிசைஸ் செய்ய முடியாது. இதைச் சொல்லாமல் ராத்திரி ஜாபைப் போட்டுவிட்டுப் போனால், காலையில் டேட்டாபேஸ் டீம் எல்வியைப் பெரிதாக்க வந்து திணறும்.

சின்ன கர்னல்களில் தொடக்கத்திலேயே, தேவையான டிவைஸ்-மேப்பர் டார்கெட் கர்னலில் இல்லை என்று பிழை வரும். டிஎம்_மிரர் மாட்யூல் ஏறவில்லை என்பதுதான் காரணம். "மாட்ப்ரோப் டிஎம்_மிரர்" போட்டால் சரியாகும்.

தின்பூல்

மேலே சொன்னது நேர்கோட்டு எல்விகளுக்கு (எக்ஸ்டெண்டுகளை வரிசையாக அடுக்கும் சாதாரண வகை) சரி. மற்ற வகைகளுக்குக் கூடுதல் கவனம் வேணும்.

ஸ்ட்ரைப் (டேட்டாவைப் பல டிஸ்க்குகளுக்குப் பிரிச்சு எழுதுறது): இரண்டு ஸ்ட்ரைப் உள்ள எல்வியோட ஒரு கால், அதாவது ஒரு பகுதி, எஸ்டிபியில், இன்னொண்ணு எஸ்டிசியில். காலி இடம் எஸ்டிசியில மட்டும்தான்னா, பிவிஎஸ் காலி இடம் காட்டினாலும் பிவிமூவ் "பொருத்தமான எக்ஸ்டெண்ட் போதவில்லை"ன்னு மறுக்கும். இரண்டு ஸ்ட்ரைப்பும் ஒரே டிஸ்க்குல விழக்கூடாதுங்கறதுதான் அந்த மறுப்புக்குக் காரணம். "--அலாக் எனிவேர்" போட்டா நகரும், ஆனா ஸ்ட்ரைப்போட வேகம் போயிடும். மூணாவது டிஸ்க் ஒண்ணைச் சேர்த்துட்டு செய்யுறதுதான் முறை.

ரெய்டு எல்வி (பல டிஸ்க்குல நகல் வெச்சிருக்கிறது): இதுக்குப் பிவிமூவ் வேணாம். "எல்விகன்வெர்ட் --ரீப்ளேஸ் /டெவ்/எஸ்டிபி1 விஜி/எல்வி" கொடுங்க. புது டிஸ்க்குல காலை மறுபடி கட்டிட்டுப் பழசை விட்டுடும். மிரரே இனிமே தேவையில்லைன்னா "எல்விகன்வெர்ட் -எம் 0", கடைசியில கழட்டப்போற பிவியோட பேர். அந்தப் பேரை விட்டுட்டா எந்தக் காலை எடுக்கணும்னு எல்விஎம்மே முடிவு பண்ணும்.

எஸ்எஸ்டி கேஷ் (மெதுவான டிஸ்க்குக்கு வேகம் கூட்ட வெச்ச எஸ்எஸ்டி): "எல்விகன்வெர்ட் --அன்கேஷ்" ஓடி முடியாம எஸ்எஸ்டியைத் தொடாதீங்க. ரைட்பேக் மோடுல இருந்தா, எழுதினதா அப்ளிகேஷன் நினைச்சுக்கிட்டிருக்கிற பிளாக்குகள் எஸ்எஸ்டியில மட்டும்தான் இருக்கும். அன்கேஷ் அதையெல்லாம் மெயின் டிஸ்க்குக்கு இறக்கிட்டுத்தான் முடியும். ரைட்த்ரூவா (இரண்டு இடத்துலயும் எழுதுற மோடு) இருந்தா எஸ்எஸ்டி செத்தாலும் நஷ்டமில்லை.

தின் பூல் (எழுதும்போது மட்டும் இடம் எடுக்கிற எல்விகளோட பொதுக் கிடங்கு): அதோட டேட்டா, மெட்டாடேட்டா, எல்வால்0_பிஎம்ஸ்பேர் (மெட்டாடேட்டா ரிப்பேருக்கான உதிரி இடம்) மூணும் மறைவு எல்விகள். "-ஏ" இல்லாம எல்விஎஸ் போட்டா கண்ணுலயே படாது. டிஸ்க்கில ஒண்ணுமில்லைன்னு நினைக்கும்போது விஜிரெட்யூஸ் "இன்னும் பயன்பாட்டில் உள்ளது"ன்னு மறுத்தா, முதல்ல இதைத்தான் பாருங்க.

ரிகவரி டெஸ்க்

டிஸ்க் ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டிருந்தால் கதை வேறு. படிக்க முடியாத செக்டர் வந்ததும் பிவிமூவ் அங்கேயே முட்டி நிற்கும். திரும்பத் திரும்ப ஓட்டுவது அந்த டிஸ்க்கைக் கொல்லும் வேலை. அபார்ட் செய்து, லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, விஜியை ஆக்டிவேட் செய்யாமல், டிடிரெஸ்க்யூவில் (பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவி) முழு டிஸ்க்கையும் குறைந்தது அதே அளவுள்ள புதிய டிஸ்க்குக்கு எடுங்கள். முதல் சுற்று "-என்" ஆப்ஷனோடு, நல்ல பகுதிகளை மட்டும். இரண்டாவது சுற்று "-ஆர்3". மேப் ஃபைல் (எதைப் படித்தாயிற்று என்ற பதிவு) இல்லாமல் தொடங்காதீர்கள்.

முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகே சாதாரணமாக பூட் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே பிவி யூயூஐடி (அடையாள எண்) இருப்பதால், சேர்ந்து இருந்தால் டூப்ளிகேட் பிவி என்று எல்விஎம் எச்சரிக்கும். எதை எடுத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இருக்காது.

டிஸ்க் முழுதாகச் செத்துவிட்டது, "இந்த யூயூஐடி உள்ள டிவைஸ் கிடைக்கவில்லை" என்று வருகிறது என்றால், தேடுபொறியில் முதலில் கிடைக்கும் பதில் "விஜிரெட்யூஸ் --ரிமூவ்மிஸ்ஸிங் --ஃபோர்ஸ்". தயவுசெய்து நிறுத்துங்கள். அது பழுது பார்க்கும் கமாண்ட் இல்லை. காணாமல்போன பிவியில் ஒரே ஒரு எக்ஸ்டெண்ட் வைத்திருந்த நேர்கோட்டு எல்வியையும் அது முழுதாக நீக்கிவிடும். 900 ஜிபி நல்ல டிஸ்க்கில் இருந்து, 10 ஜிபி செத்த டிஸ்க்கில் இருந்தாலும் போவது 910 ஜிபி. ஃபோர்ஸ் இல்லாமல் கொடுத்தால், அப்படிப்பட்ட எல்வி இருக்கும்போது மறுத்துவிடும். அந்த மறுப்பு நமக்கான பாதுகாப்பு. "--டெஸ்ட்" சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அதற்கு முன் "விஜிசேஞ்ச் -ஏஒய் --ஆக்டிவேஷன்மோடு பார்ஷியல்" கொடுத்து, ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, கிடைப்பதை வெளியே காப்பி எடுங்கள். காணாமல்போன பகுதியைத் தொட்டால் மட்டுமே பிழை வரும். ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் மவுண்ட்டில் "நோரிகவரி"யும் சேருங்கள். ரெய்டு எல்வியாக இருந்தால் "எல்விகன்வெர்ட் --ரிப்பேர்" போதும்.

ஃபைல்சிஸ்டம்

இடம் போதாமல் எல்வியைச் சுருக்கிவிட்டு டிஸ்க்கை எடுப்பவர்களுக்கு: எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். எக்ஸ்எஃப்எஸ்டம்ப்பில் எடுத்து, சின்ன எல்வியில் புதிதாக ஃபார்மட் செய்து, ரீஸ்டோர் செய்வதுதான் வழி. எக்ஸ்ட்4 என்றால் அன்மவுண்ட், "ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்", பிறகு "எல்விரெட்யூஸ் --ரிசைஸ்எஃப்எஸ்". ஃபைல்சிஸ்டமை முதலில் சுருக்கிவிட்டு எல்வியைச் சுருக்கும் வரிசையை அந்த ஆப்ஷனே பார்த்துக்கொள்ளும்.

ஆப்ஷன் இல்லாமல் எல்வியை மட்டும் வெட்டிவிட்டால், ஃபைல்சிஸ்டத்தின் வால் துண்டாகும். அப்போது எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் கமாண்ட்) ஓட்டாதீர்கள். /ஈடிசி/எல்விஎம்/ஆர்க்கைவ் உள்ளே வெட்டுவதற்கு முந்தைய மெட்டாடேட்டா இருக்கும். விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் கொண்டு அதைத் திருப்பினால் அதே எக்ஸ்டெண்டுகள் திரும்ப வரும். நடுவில் அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதியிருக்கக் கூடாது, எல்விஎம் கான்ஃபிக்கில் இஷ்யூ_டிஸ்கார்ட்ஸ் (விட்ட இடத்தைக் காலியாக்கும்படி டிஸ்க்கிடம் சொல்லும் அமைப்பு) 1 என்று இருந்திருக்கவும் கூடாது.

ஷிஃப்ட் அட்மின்

எல்லாரும் சொன்னதோடு, டிஸ்க்கைக் கையால் உருவும் கட்டம். எஸ்டிபி என்ற பெயர் ரீபூட்டில் மாறும், அதை வைத்து ட்ரேயை இழுக்காதீர்கள். "எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்,எஃப்எஸ்டைப்,மவுண்ட்பாயிண்ட்" எடுத்து, சீரியல் எண்ணை டிஸ்க் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். அதே டிஸ்க்கில் எல்விஎம்முக்கு வெளியே ஸ்வாப், ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், /பூட் இருக்கிறதா என்று அந்தப் பட்டியலிலேயே தெரியும். பிவிமூவ் இவற்றையெல்லாம் தொடாது. பூட் டிஸ்க் என்றால் க்ரப்பை (பூட் லோடர்) இன்னொரு டிஸ்க்கில் நிறுவிய பிறகுதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் மெஷின் எழுந்திருக்காது.

ஹாட்-ஸ்வாப் பே (சர்வர் ஓடும்போதே டிஸ்க்கை மாற்றும் இடம்) என்றால் /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டெலீட் என்ற ஃபைலில் 1 எழுதுங்கள். கர்னல் டிஸ்க்கை விட்டுவிடும், பிறகு உருவலாம். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல் இதற்கு முன்பே இன்னொரு வேலையும் இருக்கும். அங்கே எல்விஎம் எந்த டிவைஸ்களைப் பார்க்கலாம் என்பது சிஸ்டம்.டிவைசஸ் ஃபைலில் பதிவாகி இருப்பதால், டிஸ்க் இருக்கும்போதே "எல்விஎம்டிவைசஸ் --டெல்டெவ் /டெவ்/எஸ்டிபி1" கொடுத்து அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.