புதுப்பிப்பு: மகளின் பள்ளிக் கணினி

இங்கே சிங்கப்பூரில் மகள் உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் சேர்ந்தபோது, பள்ளி வாங்கச் சொன்ன கணினிக்குப் பணம் எப்படிக் கட்டுவது, இரவில் அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கேட்டிருந்தேன். அக்கறையோடு பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

மாணவர்களின் கல்விச் செலவுக்காக அரசு பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்தே கணினிக்கான தொகை கழிந்துவிட்டது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மானியமும் உண்டு. தயங்காமல் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.

இரவுதான் என் பெரிய கவலையாக இருந்தது. கணினியின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மேலாண்மைச் செயலி அதில் இருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பதைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம். நாங்கள் பள்ளியின் வழக்கமான ஏற்பாட்டையே வைத்துக்கொண்டோம். 2026 ஜனவரி முதல் அந்த ஏற்பாட்டில் கணினி இரவு 11 மணிக்குப் பதிலாக 10.30க்கே அடங்கிவிடுகிறது. வளரும் பிள்ளைக்கு அந்த அரை மணி நேரத் தூக்கம் எவ்வளவு பெரிது! மாணவர் கற்றல் தளம் என்ற கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் வரும் வீட்டுப்பாடத்தை இப்போது மாலையிலேயே முடித்துவிடுகிறாள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உயர்நிலை மாணவர் அனைவருக்கும் சொந்தக் கணினி என்ற இலக்கு முதலில் 2028க்கு வைக்கப்பட்டது. பெருந்தொற்றால் 2021க்கே முன்னுக்கு வந்தது. கருவி வந்துவிட்டது, சரி. ஈரறை வீட்டில் தம்பி தங்கைகளோடு இருக்கும் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? பள்ளி முடிந்த பிறகும் ஓர் அறையைத் திறந்து வைக்கும்படி அடுத்த பெற்றோர் சந்திப்பில் கேட்கப்போகிறேன்.